ஆட்டுக்குழாய்க்கு இரண்டு கை உப்பு

என் எம்.எஸ்சி. செய்முறைத் தேர்வுக்கு வந்திருந்தவர்கள்: நான், என் பேராசிரியை, வெளியூர்த் தேர்வாளர், ஓர் ஆட்டின் ரத்தக்குழாய். வராதவர்கள்: அந்த ஆடு, என் மூளை. (ஆட்டுக்காவது ஒரு காரணம் இருந்தது.)

எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் அப்பா, "எம் புள்ள ரத்தக்கொழாய்ல ஆராய்ச்சி பண்றான்" என்று சூப்பர்வைசரிலிருந்து டீக்கடை வரை சொல்லிவைத்திருந்தார். தேறினால் பேராசிரியையின் வேலூர் ஆய்வகத்திலேயே உதவித்தொகையோடு எனக்கு இடம்.

செய்முறை எளிது. குழாயில் ஒரு வளையம் நறுக்கி, இரண்டு கொக்கிகளில் மாட்டி இழுக்க வேண்டும். உயிருள்ள ரத்தக்குழாய்க்கு ரோஷம் உண்டு. இழுத்தால் முதலில் விட்டுக்கொடுக்கும். பிறகு தசையை இறுக்கி எதிர்த்து இழுக்கும். கணினித் திரையில் கோடு ஏறும். அந்த உயிர் போகாமலிருக்கத்தான், அளவாய் உப்பு கலந்த நீரைப் பேராசிரியை பாட்டிலில் கொடுத்தனுப்பியிருந்தார்.

தேர்வன்று காலையில் எங்கள் தெருக் கறிக்கடை பாயிடம் போனேன்.

"இன்னாது, கறி வேணாமா? கொழா மட்டுமா? படிச்சா இப்டியும் ஆவுமா தம்பி?"

குழாயைப் பாட்டிலில் போட்டேன். அந்த நீரில் உப்பு போதாது என்று பட்டது. தோல் அழுகாமலிருக்க மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டும் ஊர்க்காரனுக்கு இவர்கள் உப்புப் பாடம் நடத்துவதா? (அந்தத் திமிரைப் பதனிட்டிருந்தால் பத்து ஜோடி ஷூ தைத்திருக்கலாம்.)

"பாய், தோலுக்குப் போடுற உப்பு இருக்கா?"

"அள்ளிக்கோ. ஒரு வாரம் தாங்கும்."

இரண்டு கை அள்ளிப் போட்டேன்.

தேர்வாளர் முன்னால் வளையத்தை மாட்டி இழுத்தேன். கோடு ஒருமுறை எழும்பியது, சரிந்தது, படுத்துக்கொண்டது.

"இப்ப சுருங்கிடும் சார்."

"உயிர் இருந்தாத்தானே தம்பி சுருங்கும்? இதுல என்ன போட்டீங்க?"

"உப்பு சார். கெட்டுப்போகக் கூடாதுன்னு…"

அவர் குனிந்து பார்த்தார். "இது ரத்தக்குழாய் இல்ல. உப்புக்கண்டம்."

பேராசிரியை நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். நானோ மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, கொக்கியை இழுக்கும் திருகாணியை இன்னும் முறுக்கினேன். குழாய் அசையவில்லை. இழுவிசையை அளக்கும் சென்சார்தான் படக்கென்று உடைந்தது.

ஆய்வக இடம் வேறொருவருக்குப் போனது. இப்போது அப்பாவுக்கு பி.பி. அவர் ஊறுகாய் பக்கம் கை நீட்டினால் அம்மா விடுவதில்லை: "தொடாதய்யா! உங் கொழாயயும் உம் புள்ள கொக்கில மாட்டிடப் போறான்!"

சென்சாரும் மறுதேர்வுக் கட்டணமும் சேர்த்து அப்பா ஓவர்டைம் பார்த்துக் கட்டியது, இருபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.