நாலு சக்கரமும் இழுக்கணும்

ஏலகிரி மலைப்பாதையின் இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் பூவரசனின் வேன் நின்றது. நின்றது என்று சொன்னால் போதாது, குடியேறியது. பின்னால் திருப்பத்தூர் பஸ், அதன் பின்னால் கேஸ் சிலிண்டர் லாரி, அதற்கும் பின்னால் அடிவாரம் வரைக்கும், கொஞ்சம் விட்டிருந்தால் சென்னை வரைக்கும், ஹாரன்.

பூவரசன் ஆக்சிலேட்டரை மிதித்தார். என்ஜின் கல்யாண மண்டப ஜெனரேட்டர் மாதிரி கத்தியது. வண்டி அரை அடி நகர்ந்து, அதற்கே களைத்துப்போய் மறுபடி நின்றது. எங்கிருந்தோ தீய்ந்த வாசனை வந்தது. பிறந்தது முதல் தோல் ஷெட்டுகளின் காற்றைக் குடித்து வளர்ந்த ஆம்பூர் மூக்குக்கு அதெல்லாம் ஒரு வாசனையா? கண்டுகொள்ளவில்லை.

பஸ் கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டினார். "இன்னா சார், வீட்டையே தூக்கினு மலையேறப் பாக்குறீங்க? கீழ வாடகைக்கு வுட்டுட்டு வந்திருக்கலாம் இல்ல?"

பக்கத்து சீட்டில் ஹெலன், மடியில் டிபன் கேரியரோடு நேராக உட்கார்ந்திருந்தாள். "ஏங்க, எறங்கித் தள்ளட்டுமா?"

"நீ ஒக்காரு. வண்டி யோசிக்குது."

"முப்பத்தோரு வருஷம் நீங்க யோசிச்சீங்க. இப்ப இதுவும் ஆரம்பிச்சிடுச்சா?"

அந்த முப்பத்தோரு வருஷத்தைச் சொல்லியாக வேண்டும். பூவரசன் ஷூ கம்பெனியில் தரப் பரிசோதகர். ஒரு தையல் கோணினால், ஒரு மடிப்புத் தெரிந்தால், அந்த இடத்தில் குட்டியாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஷூ திரும்பிப் போய்விடும். வீட்டிலும் சட்டைப்பையில் ஸ்டிக்கர் இருக்கும். ஓரம் கருகிய தோசைக்கு அம்பு விழுந்ததுண்டு. மச்சினன் இளம்பரிதியின் கல்யாண போட்டோவில், மாப்பிள்ளை மூக்குக்கு நேரே இன்றைக்கும் ஒரு அம்பு இருக்கிறது.

ஹெலன் ஊர் சுற்றக் கேட்டபோதெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றுதான். "ரிடையர் ஆவட்டும். மேகம் வந்து கதவத் தட்டுற எடத்துல உன்னத் தூங்க வெக்கிறேன்." அவளும் நம்பி, ஒரு கம்பளி போர்வையை வாங்கி முப்பத்தோரு வருஷமாகப் பீரோவில் வைத்திருந்தாள்.

ரிடையர் ஆனார். கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். பழைய பன்னிரண்டு சீட் வேன் ஒன்றை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டார், அடுப்பு வைத்தார், தண்ணீர் டாங்கும் பாத்திரம் கழுவும் தொட்டியும் வைத்தார். வேறு ஊராக இருந்தால் உள்ளே ரெக்சின் ஒட்டியிருப்பார்கள். ஆம்பூர்க்காரர் ஒட்டுவாரா? கூரை, கதவு, டாஷ்போர்டு என்று கண்ணாடியைத் தவிர எல்லாவற்றுக்கும் அசல் தோல். கண்ணைக் கூசுகிறது என்று டாஷ்போர்டின் குட்டி விளக்குகளையும் சேர்த்து மூடினார்.

தைத்தவள் சவுரியம்மாள். அதே கம்பெனியில் இருபது வருஷம் ஷூ மேல்தோல் தைத்தவள். அவளுக்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது, சவுரியம்மா." டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் மூடிய துண்டை மட்டும் நாலு தடவை அம்பு ஒட்டித் திருப்பி அனுப்பினார். ஐந்தாம் தடவை, ஒரே முழுத்தோல், விரலால் தட்டினால் மத்தளம் போல நாதம் வந்தது. முழங்கை வைத்துக்கொள்ள வாகாக ஒரு மேடு வேறு. "இது தொழிலு!" என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார். அவர் வாழ்நாளில் ஒட்டிய பச்சை மொத்தமே ஏழோ எட்டோ.

அந்த வேன்தான் இரண்டாவது வளைவில் குடியேறியது. பின்பக்கமாகவே இறங்கி வந்தார்கள். வேனை விற்ற ஆள், பன்னிரண்டு பேரையும் அவர்கள் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வாராவாரம் ஏலகிரி போனதாகச் சொல்லியிருந்தான். "பச்சைப் பொய்யன்" என்று பூவரசன் வழியெல்லாம் திட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் ஹெலன் தீர்ப்புச் சொன்னாள். "நவம்பர் பதினாலு நம்ம கல்யாண நாளு. அன்னிக்கு மேல போய்ச் சேரலன்னா, வண்டிய என் தம்பிகிட்ட குடுத்துடணும்."

தம்பி இளம்பரிதிக்கு பைபாஸ் ரோட்டில் பிரியாணிக் கடை. மறுநாளே இஞ்ச் டேப்போடு வந்துவிட்டான். "மாமா, கட்டில் இருக்கற எடத்துல அண்டா வெச்சிடலாம். தொட்டியில வெங்காயப் பச்சடி. இந்தப் பக்கம் கத்திரிக்காத் தொக்கு."

"டேய், எம் பொணத்து மேல வெச்சிக்கோ தொக்க."

"அது எந்தப் பக்கம் வரும் மாமா?" என்று டேப்பை நீட்டினான்.

பூவரசன் வேனைக் கிளப்பிக்கொண்டு மெக்கானிக் ஹபீபிடம் ஓடினார். ஹபீப் கதவைத் திறந்து ஏறப் போனார்.

"பாய், பாய்! கையெல்லாம் கிரீஸு. தோல் வீணாப் பூடும். வெளியேர்ந்தே பாருங்க."

போனில் நோயாளியைப் பார்க்கும் டாக்டர் மாதிரி ஹபீப் வேனை வெளியிலிருந்தே சுற்றிச்சுற்றிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார். "பவர் இருக்குது சார், இழுவை கம்மி. ரெண்டு சக்கரம் இழுக்குது, ரெண்டு சக்கரம் வேடிக்கை பாக்குது. மலைக்கு நாலும் இழுக்கணும். ஃபோர் வீல் டிரைவா மாத்திடலாம். மிலிட்டரி ஏலத்துல எடுத்த ஜீப்பு ஆக்சில் கெடக்குது. மலை வந்தா குச்சிய இழுங்க, நாலும் ஓடும். தரை வந்தா தள்ளுங்க, ரெண்டு ஓடும்."

"குச்சி எங்க வரும்?"

"இங்கதான், ரெண்டு சீட்டுக்கும் நடுவுல. தோல ஒரு சாண் அறுத்துட்டு..."

"அறுத்துட்டு?" பூவரசன் குறுக்கே பாய்ந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை எடுத்து ஹபீபின் பனியனில் ஒட்டிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அப்புறம் மூன்று வாரம் அவர் சாப்பிடவில்லை, சரியாகக் குளிக்கவில்லை, வீடியோதான் பார்த்தார். பனிப்பாறையில் ஏறும் வேன், பாலைவனத்தில் பாயும் வேன், ஆற்றில் இறங்கி மறுகரையில் தும்மிக்கொண்டு எழும் வேன். சிலதற்கு ஸ்விட்ச், சிலதற்குக் குச்சி, சிலது தானாகவே மாறும். நோட்டில் கட்டம் போட்டு எழுதி எழுதி அடித்தார். எல்லாவற்றுக்கும் எங்கேயாவது ஒரு சாண் தோலை அறுக்க வேண்டியிருந்தது.

கடைசியில் வாலாஜாபேட்டையில் கிடைத்தார் பஞ்சாட்சரம். கரும்பு வயலுக்கு வண்டி செய்கிறவர்.

"ஸ்விட்ச் கெடையாது, குச்சி கெடையாது. பொறந்ததுலேர்ந்து சாவுற வரைக்கும் நாலும் இழுத்துனே இருக்கும்" என்றார்.

"தோலு?"

"நான் கீழ படுத்துனே முடிச்சிடுவேன். உங்க வண்டிக்குள்ள எட்டிக்கூடப் பாக்கமாட்டேன்."

பூவரசன் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வண்டிக்கு அடியில் படுத்த பஞ்சாட்சரம் ஒரே ஒரு தடவைதான் குரல் கொடுத்தார். "சார், பின்சக்கரம் ரெண்டும் அடுப்பாட்டம் கொதிக்குதே?"

"ஆம்பூர்லேர்ந்து வெயில்ல வந்திருக்குது, கொதிக்காதா பின்ன?"

"அதுவும் சரிதான்."

மாற்றி முடித்த வேன் ஒன்றரை அடி உயர்ந்திருந்தது. வரும் வழியில் ரயில்வே சப்வேக்குள் நுழைந்தது, நடுவில் சிக்கிக்கொண்டது. நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கி வெளியே எடுத்தார்கள். வீட்டுக்குள் நுழைந்தபோது கேட்டுக்கு மேலே சிமென்டில் எழுதியிருந்த 'ஹெலன் இல்லம்' வளைவில் இடித்தது. 'இல்லம்' உடைந்து விழுந்தது. ஹெலன் மட்டும் மிச்சம்.

"இதுல நான் எப்டி ஏறுவேன்? என் முட்டி வாசப்படி ஏறவே மடங்கமாட்டேங்குது" என்றாள் அவள்.

ஏணி கட்டினார். ஏணியின் கனத்தில் கதவு தொங்கியது. கதவுக்கு இரும்புப் பட்டை அடித்தார். இப்போது வண்டி தரையிலேயே திணறியது. பஞ்சாட்சரத்துக்குப் போன் போட்டார்.

"வெயிட்டு ஜாஸ்தி சார். கொறைங்க."

அடுப்பைக் கழற்றினார். இழுக்கவில்லை. தண்ணீர் டாங்கையும் தொட்டியையும் கழற்றினார். ம்ஹூம். கண்ணை மூடிக்கொண்டு கட்டிலையும் கழற்றினார்.

ஹெலன் ஏணியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். தோல் போர்த்திய குகை மாதிரி இருந்தது. "மேகம் வந்து கதவத் தட்டுனா நான் எங்கேர்ந்து எழுந்து வந்து தொறக்கறது?"

 பூவரசன் அம்பு ஸ்டிக்கரை எடுத்துத் தன் சட்டையிலேயே ஒட்டிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தார்.

நவம்பர் பதினாலு. ஹெலன் பட்டுப்புடவையும் முப்பத்தோரு வருஷக் கம்பளியுமாக ஏணியேறி உட்கார்ந்தாள். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவும், முக்கி முனகி, தாண்டியது. ஹெலன் கைதட்டினாள். பூவரசன் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்தார். நாலும் இழுக்கிறது! சாமி, நாலும் இழுக்கிறது!

மூன்றாவது வளைவில் பின்பக்கமிருந்து கரும்புகை கிளம்பியது. வேன் ஒரு தடவை உலுக்கிக்கொண்டு நின்றது.

பின்னால் அதே பஸ். அதே கண்டக்டர். "பரவால்ல சார், போன தடவைக்கு ஒரு வளைவு முன்னேற்றம். மொத்தம் பதினாலு. இன்னும் பதினோரு தபா வந்தா மேல போய்டலாம்."

 ஹெலன் கம்பளியை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கினாள். பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, "நான் மேல போய்ட்டு வரேன். நீங்க யோசிச்சு முடிங்க" என்றாள். பஸ் வேனைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போயிற்று. கல்யாண நாளன்று பொண்டாட்டி மட்டும் மேகத்துக்குள் போவதை, அந்தத் தோல் மேட்டில் முழங்கையை ஊன்றி, கன்னத்தில் கை வைத்து, பூவரசன் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வருஷத்தில் அவ்வளவு தனியாக அவர் இருந்ததில்லை.

மறுபடி பின்பக்கமாகவே இறக்கிக் கொண்டுவந்த வண்டியின் சாவி, மறுநாள் காலை கைமாறியது. இளம்பரிதி அண்டாவோடு வந்திருந்தான். தோலில் மசாலா பட்டால் போகாது, எல்லாவற்றையும் உரித்துவிட வேண்டும் என்றான். பூவரசன் கெஞ்சினார். "அறுக்க வேணாம்டா மாப்ள. தெச்ச கையே பிரிச்சு எடுக்கட்டும். சவுரியம்மாவக் கூப்புடு."

சவுரியம்மாள் பிளேடோடு வந்து உள்ளே ஏறினாள். ஹெலன் ஏணியருகே நின்றாள். பூவரசன் வண்டியின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, செத்தவரைப் பற்றிப் பேசும் குரலில் மச்சினனுக்குச் சொன்னார்:

"ஒண்ணு மட்டும் சொல்றேன் மாப்ள. இழுவ இல்லன்னாலும் கொணம் தங்கம். எவ்ளோ மேட்டுல நிறுத்து, டயருக்குக் கல்லு வெக்கவே வேணாம். ஒரு அங்குலம் உருண்டதில்ல. அவ்ளோ அடக்கம்."

உள்ளே நாலு தையல் பிரிந்தது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த முழுத்தோல் சுருண்டு விலகியது. முழங்கை வைக்கும் மேடு இருந்த இடத்தில், கறுப்புப் பிடி போட்ட ஓர் இரும்புக் கம்பி விறைப்பாக எழுந்து நின்றது.

இளம்பரிதி குனிந்து பார்த்தான். அப்புறம் மாமாவைப் பார்த்தான். மறுபடி குனிந்து பார்த்தான். "மாமா... இது ஹேண்ட் பிரேக்கு. மேல தூக்கி, பிரேக் புடிச்சபடியே இருக்குது."

 பூவரசனின் கை தானாகச் சட்டைப்பைக்குள் அம்பு ஸ்டிக்கரைத் தேடியது.

சவுரியம்மாள் பிளேடைத் துடைத்தபடி, பழைய குறை ஒன்றைச் சொல்ல நேரம் கிடைத்தவளாக நிமிர்ந்தாள். "பின்ன இன்னா சார் பண்றது? கீழ எறக்கி வெச்சுத் தெச்சப்பதான் சுருக்கம் வுழுதுன்னு நாலு தபா செவப்பு ஒட்டினீங்க. அஞ்சாவது தபா மேல தூக்கி வெச்சு இழுத்துத் தெச்சேன், நீங்களே பச்ச ஒட்டிட்டீங்க!"