அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

திருத்தணி,
ஞாயிறு மாலை.

கர்த்தருக்குள் பிரியமான தம்பி, வக்கீல் ஆல்பினுக்கு அக்கா மார்த்தாள் எழுதிக்கொள்வது. என் வலது கையைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே எல்லாருடைய கையும் காலும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். கை கட்டில் கிடப்பதால், நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர், உன் பாவா இஸ்ரேல்தான் இதை எழுதுகிறார்.

நஷ்டஈட்டுக்கு நீ தயாரித்த மனு வந்தது. "என் கணவர் ஸ்கூட்டரை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி எருமை மீது மோதியதில், பின்னால் அமர்ந்திருந்த என் கை முறிந்தது" என்று போட்டிருக்கிறாய். அப்படிப் போட்டால்தான் இன்சூரன்ஸ்காரன் அசைவானாம். ஏன்டா, உன் பாவா வண்டி ஓட்டி நீ பார்த்ததே இல்லையா? மலைக்கு நடந்து போகிற காவடிக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, "இன்னா சார், வண்டி ரிப்பேரா?" என்று கேட்பார்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பிரசங்கம் முடிந்திருக்கும். இதை எழுத மாட்டேன் என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். அதட்டிய பிறகுதான் எழுதுகிறார். "நான் பறந்துகினுதான் போனேன் மார்த்தா, கோர்ட்டுல வந்தும் சொல்றேன், நீ கையெழுத்துப் போடு" என்று ஒரே நச்சரிப்பு. என் தையல் மிஷின் மூடிக் கிடப்பதைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. அதற்காக, கட்டின புருஷனை அஜாக்கிரதைக்காரர் என்று நான் எழுதிக் கொடுப்பதா?

எக்ஸ்ரே கேட்டிருக்கிறாய். எலும்பு முறிந்தால் இந்தப் பக்கத்து ஜனம் வேறெங்கே ஓடும்? புத்தூர்க் கட்டுக்குத்தான் போனோம். முட்டையும் பச்சிலையும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். சாட்சி என்று என்னிடம் இருப்பது அந்தக் கட்டும், அதை மோந்துகொண்டே பின்னால் வருகிற பக்கத்து வீட்டுப் பூனையும்தான். கோர்ட்டுக்கு ஆகுமா, பார்.

சரி, அவர் முகத்துக்காகச் சம்மதிக்கிறேன். இடது கைப் பெருவிரல் ரேகை வைத்து மனுவை இத்துடன் அனுப்புகிறேன். கர்த்தர் உன் நாவுக்கும் உன் கட்சிக்காரர்களின் எலும்புக்கும் பெலன் தருவாராக. பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் அக்கா,
மார்த்தாள்

பின்குறிப்பு: இது என் இடது கை எழுத்து, கோணலைப் பொறுத்துக்கொள். உன் பாவா தபால் உறை வாங்கக் கடைக்கு ஸ்கூட்டரில் போயிருக்கிறார். அவர் வேகத்துக்கு எனக்கு நிறைய நேரம் இருக்கிறது. ஆல்பின், அன்றைக்கு வண்டியை ஓட்டியது நான். அவர்தான் பின்னால் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். எனக்கு லைசென்ஸ் இல்லையே என்று, விழுந்த இடத்திலேயே, ஓடி வந்தவர்களிடம் "நான்தான் ஓட்டினேன்" என்றார். அவர் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. வேர்த்துக் கொட்டக் கொட்டச் சொன்னார். அதைக் கூண்டில் ஏறி இன்னொரு தடவை சொல்ல நான் விட மாட்டேன். மனுவைக் கிழித்துப் போடு. அவர் கேட்டால், கேஸ் நிற்காது என்று சொல்லிவிடு. கட்டுப் பிரித்ததும் மறுபடி ஓட்டச் சொல்லித் தருகிறாராம். பின்னால் அவரேதான் உட்காருவாராம்.