காட்டு ஜீப்புக்கு ஒரு டீசல் டேங்க்

ஒரு காட்டில் விலங்குகள் ஏராளம், ஜீப் ஒன்றே ஒன்று. அதை ஓட்டியது மாசாணம் என்ற கரடி. காலொடிந்த மானோ காய்ச்சல் கண்ட முயலோ, பாறையும் பள்ளமுமான பாதையில் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை.

ஒருநாள் ஜீப்பின் டீசல் டேங்க் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. ஜீப் பத்து நாள் நின்றுபோனால் ஓட்டுநரைத் தேன் பிரிவுக்கு மாற்றிவிடுவது அந்தக் காட்டின் விதி. மாசாணத்துக்கோ ஒரு தேனீ கொட்டினால் போதும், முகம் பூசணிக்காயாக வீங்கி மூச்சு முட்டும். வெளியே சொல்லவும் வெட்கம். கரடியாயிற்றே.

டேங்க் வாங்கக் குழு போட்டார்கள். யானை தலைவர், குரங்கும் முள்ளம்பன்றியும் உறுப்பினர்கள்.

"இரும்புதான் உறுதி," என்றது யானை.

"மறுபடி துரு ஏறும். அலுமினியம் வாங்கலாம், பளபளன்னு இருக்கும்," என்றது குரங்கு.

"குலுங்கற பாதையில அலுமினியம் ஒட்டு விட்டுருமுங்க," என்றது மாசாணம். "பிளாஸ்டிக்கே போதுங்க. துருவும் பிடிக்காது, கல்லு இடிச்சாலும் தாங்கும்."

"நான் ஒருதரம் உரசினா?" என்று கேட்டது முள்ளம்பன்றி. பிளாஸ்டிக் அத்தோடு தள்ளுபடியானது.

எதற்கும் கடைக்கு நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று குழு முடிவு செய்தது. போவதற்கும் அதே ஜீப்தான். மாசாணம் துணி சோப்பைப் பிசைந்து ஓட்டையில் அப்பியது. லாரிக்காரர்கள் வழியில் செய்துகொள்கிற கைவைத்தியம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மூன்று கடைக்கு மூன்று நடை போய் வந்தார்கள். யானையை ஜீப் எப்படித் தாங்கியது என்று அங்கே யாரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

குழு அறிக்கை கொடுத்தது: "மூன்று நடையிலும் குறையின்றி உழைத்த பொருள் சோப்பு. ஆகவே புது டேங்க் முழுவதும் சோப்பிலேயே செய்யப்பட வேண்டும்."

மாசாணம் பதறியடித்து ஓடியது. "அய்யா, அது கடை வரைக்கும் ஒப்பேத்தறதுக்கு வச்சதுங்க! தண்ணி பட்டா கரைஞ்சுரும்!"

"மூணு நடையில கரைஞ்சுதா?"

"மழை பெய்யலைங்களே!"

யானை யோசித்தது. "நியாயம்தான்," என்று சொல்லி, மழை பெய்யக் கூடாது என்று அறிக்கையில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டது.

சோப்பு டேங்க் வந்தது. நல்ல மல்லிகை வாசம். குரங்கு மாலை போட்டது. நான்காம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஜீப் மலைப்பாதை நடுவில் நுரை கக்கி நின்றது. உள்ளே படுத்திருந்த காலொடிந்த மான் இறங்கி, மூன்று காலில் நொண்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தது.

விசாரணை நடந்தது. தவறு முழுக்க மழையினுடையதே என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. ஆனால் மழையை இடமாற்றம் செய்ய வழியில்லை. ஆகவே மாசாணத்தைத் தேன் பிரிவுக்கு மாற்றினார்கள்.

நீதி: ஓட்டையை அடைக்கிறவர்கள் நாலு சொட்டாவது ஒழுகும்படி அடைக்க வேண்டும்.