பிரிக்கப்பட்டது, மேல் நடவடிக்கைக்காக

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது அப்படியொன்றும் பெரிய காரியமல்ல. அது எந்த நொடியில் பற்ற வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் பெரிய காரியம். அதற்கு ஒரு துணைச் செயலர் வேண்டும். ஆர்.கே.புரத்தில் அப்படி ஒருவர் குடியிருந்தது டெல்லி செய்த பாக்கியம்.

ராமசுப்ரமணியன் மூன்று வருடம் அமெரிக்காவில் அரசுப் பணி பார்த்துவிட்டு, எண்பத்தேழில் ஒரு நீளமான காரோடு திரும்பியவர். வந்த புதிதில் அது வழுக்கிக்கொண்டு போயிற்று. இப்போது இரண்டு மாதமாக மோதிபாக் மேம்பாலத்தைக் கண்டாலே முனகியது. போன வாரம், துணிமூட்டையோடு சைக்கிள் மிதித்து வந்த சலவைக்காரர் ஒருவர் அதை முந்திப் போய், உச்சியில் நின்று திரும்பி, “சலோ பாபுஜி, ஜல்தி!” என்று உற்சாகமும் ஊட்டினார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் மகள் வைதேஹியைப் பெண் பார்க்க வருகிறார்கள். ‘ஸ்டேஷனுக்கு எங்கள் கார் வரும்’ என்று ராமசுப்ரமணியன் கடிதத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார்.

“ஏன்னா, டாக்ஸிக்குச் சொல்லிடட்டுமா?” என்றாள் மனைவி ருக்கு.

“அடிக்கோடு போட்டாச்சு ருக்கு. இனிமே பின்வாங்கப்படாது.”

ஆகவே சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, குவார்ட்டர்ஸ் வாசலில், காரின் திறந்த பானெட்டைச் சுற்றி, குழு கூடியது. தலைவர், ராமசுப்ரமணியன். உறுப்பினர், எதிர்வீட்டு செக்‌ஷன் ஆபீசர் கலியமூர்த்தி. பார்வையாளர், கையெழுத்துக்காகக் கோப்புக் கட்டைத் தூக்கி வந்த ஆபீஸ் டிரைவர் மூக்கன். பார்வையாளருக்குப் பேசும் உரிமை கிடையாது.

தலைவர் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு டைமிங் லைட். இன்ஜினில் தீப்பொறி சரியான நேரத்தில் விழுகிறதா என்று அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அதற்கு முன், ஒற்றை ஒயர் கனெக்டர் ஒன்றைக் கண்டுபிடித்துப் பிரித்துவிட வேண்டும் என்றது காரோடு வந்த புத்தகம். இல்லையென்றால் வண்டிக்குள் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் நேரத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்குமாம்.

“புரியறது. கீழ இருக்கறவன் சொந்த மூளையை உபயோகிக்காம பாத்துக்கணும்” என்றார் தலைவர்.

முதல் கனெக்டரைப் பிரித்தார்கள். ஹாரன் ஊமையாயிற்று. அடுத்ததைப் பிரித்தார்கள். இடது விளக்குக்குக் கண் போயிற்று. மூன்றாவதைப் பிரித்ததும் இன்ஜினே நின்றது. எல்லாவற்றையும் மறுபடி மாட்டி, கலியமூர்த்தி நோட்டில் ‘முன்னேற்றம்’ என்று எழுதிக்கொண்டார்.

“அய்யா, அந்தா பேட்டரிக்குப் பக்கத்துல ஒண்ணு ரெண்டாத் தொங்குதே...” என்றார் மூக்கன்.

“நீ இரு மூக்கா. நாம தேடறது பிரிக்க வேண்டிய கனெக்டர். அது ஏற்கனவே பிரிஞ்சிருக்கு. நம்ம வரம்புல வராது.”

கலியமூர்த்தி குனிந்து பார்த்தார். “சார், இதுல டேக் போட்டுச் சீட்டுக் கட்டியிருக்குங்க. ‘பிரிக்கப்பட்டது, மேல் நடவடிக்கைக்காக’ன்னு இருக்கு. கீழ கையெழுத்து வேற.”

தலைவரின் முதுகு தானாக நிமிர்ந்தது. “மேலிடத்துல யாரோ முடிவெடுத்திருக்கா. தொடாதீங்கோ!”

“யாரு கையெழுத்துங்க சார்?”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெயிலில் மாட்டிக்கொண்ட மண்புழு மாதிரி நெளிந்தது கையெழுத்து. “தெரியலை. ஆனா பெரிய மனுஷன். ஒரு எழுத்தாவது புரியறதா பாருங்கோ!”

மத்தியானத்துக்குள் பதினோரு கனெக்டர்கள் பிரிந்து கூடின. வண்டி முனகுவதை நிறுத்தவில்லை. பொருளை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாமா என்று தலைவர் யோசிக்கையில் ருக்கு வாசலுக்கு வந்தாள்.

“நாளைக்கு அவாளை மேம்பாலத்துல இறங்கித் தள்ளச் சொல்லப் போறேளா?”

மூக்கன் கோப்புக் கட்டைப் பிரித்தார். மேலே இருந்த கோப்பை எடுத்துவந்து அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டிலும் ஒரே மண்புழு.

“கோவிச்சுக்கிறாதீக அய்யா. நீங்க அமெரிக்காவுல இருந்த மூணு வருசம் போக, பன்னெண்டு வருசமா இந்தப் புழுவத்தானே சொமக்குறேன்.”

கலியமூர்த்தி வானத்தில் மேகம் தேடினார்.

ராமசுப்ரமணியனுக்கு மெல்ல ஞாபகம் வந்தது. இரண்டு மாதம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே டைமிங்கைப் பார்க்க உட்கார்ந்தார். கனெக்டரைப் பிரித்தார். பழக்க தோஷத்தில் சீட்டுக் கட்டினார். காபி வந்தது. ‘திரும்ப மாட்டவும்’ என்ற வரி புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருந்தது. எதிலும் அடுத்த பக்கம் போகிற வழக்கம் அவருக்கு இல்லை.

தொண்டையைச் செருமினார். “சரி. சம்பந்தப்பட்ட அதிகாரியோட வாய்மொழி ஒப்புதல் கிடைச்சாச்சு. மாட்டு.”

‘டக்.’ அவ்வளவுதான். வெள்ளோட்டத்தில் வண்டி மோதிபாக் மேம்பாலத்தை ஒரே மூச்சில் ஏறி இறங்கியது. சலவைக்காரரைக் காணோம் என்பதுதான் தலைவருக்கு ஒரே குறை. ருக்கு டாக்ஸியை மறந்து பஜ்ஜிக்கு மாவு கரைத்தாள். ‘குழுவின் விடாமுயற்சியால் கோளாறு நீங்கியது’ என்று நோட்டில் பதிவாயிற்று. பார்வையாளரின் பெயர் அதில் இல்லை.

அந்த உற்சாகத்தில் ராமசுப்ரமணியன் மூக்கன் கொண்டுவந்த நாற்பது கோப்புகளையும் ஒன்பதே நிமிடத்தில் முடித்தார். ஓர் ஊரின் குடிதண்ணீர்க் குழாய், ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை, எவளோ ஒரு விதவையின் பென்ஷன். ஒவ்வொன்றிலும் ஒரு டேக், ஒரு சீட்டு, ‘மேல் நடவடிக்கைக்காக’, ஒரு மண்புழு.

மூக்கன் கட்டை இறுக்கிக் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டார். அவற்றின் பானெட்டைத் திறந்து பார்க்க அவருக்கு அனுமதி இல்லை.