கொசோங் அண்ணனும் எலியின் கல்லீரலும்

கோல சிலாங்கூரில் எதையும் பார்த்தவுடன் நம்பாத ஒரே மனிதர் எங்கள் கொசோங் அண்ணன்தான். மூளை ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கெல்லாம் மூத்தவர். தினமும் பக்கத்து ஊரான பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து மோட்டாரில் வருவார். நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும்.

கீழ்த்தளத்துப் பாய் கடையில் எப்போதும் இரண்டு தே ஓ, பாலில்லாத தேநீர், வாங்குவார். ஒன்று சீனி போட்டது, மற்றது கொசோங், அதாவது சீனியே போடாதது. கொசோங்கைத்தான் முதலில் குடிப்பார்.

"எதுக்கு தம்பி இந்தக் கசப்பு?" என்று பாய் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"இது இனிச்சா என் நாக்குல கோளாறுன்னு அர்த்தம் பாய். அப்புறம் அத நம்ப முடியாது லா."

ஆற்றங்கரை மரங்களில் மொய்க்கும் மின்மினிகளைப் பார்க்கப் படகில் போனபோதும் அதே கதைதான். முதலில் பூச்சியே இல்லாத மரத்தைக் காட்டச் சொன்னார். படகுக்காரர் ஓர் இருட்டு மரத்தருகே நிறுத்தினார். அண்ணன் அதை உற்றுப் பார்த்துத் தலையாட்டினார். கூட வந்த சுற்றுலாக் குடும்பம், ஏதோ அபூர்வ மரம் போலிருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டது.

என் முதுகலைப் பட்டம் அப்போது ஒரு சின்னக் குப்பிக்குள் இருந்தது. குப்பியில் ஆன்டிபாடி. மூளையில் டோபமின் தன் வேலையை முடித்ததும், அதை நரம்புச் செல்லுக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளும் புரதம் ஒன்று உண்டு. அந்தப் புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்வதுதான் இந்த ஆன்டிபாடியின் வேலை. எலி மூளையில் சோதித்தேன். படத்தில் கருப்புக் கோடு பளிச்சென்று விழுந்தது. எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.

அண்ணன் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, "கல்லீரல்ல போட்டுப் பாத்தியா தங்கச்சி?" என்றார்.

"கல்லீரல்ல அந்தப் புரதமே கெடையாதேண்ணே!"

"அதான் சொல்றேன். இல்லாத எடத்துலயும் கோடு விழுந்தா, ஒன் ஆன்டிபாடி கண்டதுலயும் ஒட்டுதுன்னு அர்த்தம்."

குப்பியில் இன்னும் ஒரே ஒரு சோதனைக்குத்தான் மிச்சம் இருந்தது. வாய்மொழித் தேர்வோ அடுத்த வாரம். கல்லீரலிலும் கோடு விழுந்தால் இரண்டு வருட உழைப்பு குப்பைக்குப் போகும். "விட்ருங்கண்ணே" என்று கெஞ்சினேன். அவர் வடையைக் கடிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டார். அண்ணன் வடையை வேண்டாமென்று வைத்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. பயந்து ஒத்துக்கொண்டேன்.

மூளையையும் கல்லீரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தோம். மூளையில் கோடு விழுந்தது. கல்லீரல் பக்கம் வெறும் வெள்ளை.

"பாரு, ஒண்ணுமே இல்ல! எவ்ளோ அழகா ஒண்ணுமே இல்ல!" என்றார் அண்ணன். கண் கலங்கியிருந்தது. பிறகு பாய் கடைக்குப் போய் இரண்டு வடை சாப்பிட்டார்.

தேர்வில் முதல் கேள்வியே கல்லீரலைப் பற்றித்தான். அந்த வெள்ளையைக் காட்டினேன். பட்டம் கிடைத்தது.

போன மாதம் அண்ணன் பினாங்குக்கு வேலை மாறிப் போய்விட்டார். உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று அவர் இங்கே இருந்தபோது சொல்லியிருந்தால், நம்பியிருக்க மாட்டார். "நான் இல்லாத லேப்ப பாத்தியா?" என்று கேட்டிருப்பார்.

பார்த்துவிட்டேன் அண்ணே. உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.