பழைய கப்பலின் பக்தர்

புதுக் கப்பல் ஒன்று கடலில் இறங்கினால், கூடவே ஒரு ஜீவராசியும் அதில் ஏறிக்கொள்கிறது. இரண்டு கால், ஒரு மழைக்கோட்டு, நிறையப் பெருமூச்சு. கார்களையும் சனங்களையும் சுமந்து ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் கப்பலில் முதல் படியில் கால் வைக்கும்போதே “பழைய கப்பல் இப்படியில்லை” என்று முனகும் ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையா? டெஸ்மண்ட் பார்ஜிட்டரைக் காட்டுகிறேன், வாருங்கள்.

இங்கிலாந்தில் லூயிஸ் என்ற ஊர்க்காரர். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தாறு வருடங்களாக ஒவ்வொரு மே மாதமும் மனைவி க்வெண்டாவுடன் நியூஹேவன் துறைமுகத்தில் காரைக் கப்பலில் ஏற்றி, அக்கரையில் தியெப்பில் இறங்கி, பிரான்ஸைச் சுற்றிவிட்டு வருபவர். பழைய கப்பல் ஓடிய காலத்தில் அதன் காபி, கழிப்பறை, நாற்காலி பற்றி அவர் எழுதிய புகார்க் கடிதங்கள் பதினொன்று. அதை உடைக்க அனுப்பினார்கள். அன்றே அது தெய்வமாகிவிட்டது.

புதுக் கப்பல் பளபளவென்று இருந்தது. அதுவே முதல் குற்றம்.

“எதுக்கு இவ்வளவு அகலமா படி? பழைய கப்பல்ல ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டு ஏறுவோம். அதுல ஒரு ஒட்டுறவு இருந்துச்சு” என்றார் டெஸ்மண்ட்.

தேநீர் சூடாக இருந்தது; நாக்கு சுட்டது என்றார். கப்பல் ஆடவில்லை, கடலில் போகிறோமா, பல் வைத்தியரிடம் காத்திருக்கிறோமா என்று கேட்டார். க்வெண்டாவோ செருப்பைக் கழற்றிவிட்டு, பெரிய கண்ணாடிச் சன்னலருகே கால் நீட்டி உட்கார்ந்து, கரை விலகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் பிடிச்சிருக்கு” என்றாள்.

“உனக்கு எதுதான் பிடிக்காது?”

“அது சரி. உன்னையே பிடிச்சுதே.”

இந்த ஜீவராசி தனியாக இருக்காது. நடுக்கடல் வருவதற்குள் டெஸ்மண்டைச் சுற்றி நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் முதல் சீடர் ரோலண்ட் டிஸ்டால் என்ற ரொட்டிக்கடைக்காரர். கேரவன் என்ற வீட்டு வண்டியைக் காரில் கட்டி இழுத்து வந்தவர். பழைய கப்பலில் ஒரே ஒரு தடவைதான் போயிருந்தார், அதுவும் முழுக்க வாந்தியெடுத்தபடி. ஆனாலும் கண் கலங்கினார்.

தியெப் நெருங்கியது. பச்சைப் படி வழியாக இறங்கிக் கார்களுக்குப் போகும்படி ஒலிபெருக்கி சொன்னது.

“பச்சைப் படியாம். மழலைப் பள்ளியா இது? என் பின்னாடி வாங்க” என்றார் டெஸ்மண்ட். “இடது பக்கம், கீழே, முன்னாடி. இருபத்தாறு வருஷமா அங்கதான் நிறுத்துறேன்.”

“இன்னிக்குக் காலையில பச்சைக் கோடு போட்ட தளத்துல நிறுத்தினோம், டெஸ்மண்ட்” என்றாள் க்வெண்டா. அவர் அதற்குள் இடது பக்கப் படிக்கட்டில் இரண்டு படி இறங்கியிருந்தார். சீடர்களும்.

அவள் பச்சைப் படியில் தனியாக இறங்கினாள். கார்ச் சாவி வழக்கம்போல அவள் கைப்பையில்தான் இருந்தது.

டெஸ்மண்டின் படை போய்ச் சேர்ந்த இடத்தில் லாரிகள் மட்டுமே இருந்தன. ஓட்டுநர் ஒருவர் தன் லாரியில் உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். “கார் இங்க இல்ல சார். ரெண்டு மாடி மேல” என்றார். மேலே ஏறலாமென்றால், லாரிக்காரர்கள் ஐம்பது பேர் அதே படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பார்ஜிட்டர்களின் சாம்பல் நிறக் கார்தான் வரிசையில் முதலாவது. பின்னால் அறுபது கார்கள். கப்பலின் வாய் திறந்து வெயில் உள்ளே விழுந்ததும், அறுபது ஹாரன்களும் ஒன்றாகக் கத்தின. பிரெஞ்சு ஊழியப் பெண் ஒருத்தி சன்னலைத் தட்டினாள்.

“ஓட்டுறவர் எங்கம்மா?”

“வழி தெரிஞ்சவர். அதான் காணோம்.”

“நீங்க ஓட்டுவீங்களா?”

க்வெண்டா லூயிஸில் தினமும் ஓட்டுபவள்தான். ஆனால் பிரான்ஸில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதற்குத் தனிப் பார்வை வேண்டும், அது அவளுக்கு இல்லை என்பது டெஸ்மண்டின் பழைய தீர்ப்பு. இத்தனை வருடமும் அதை அவள் நம்பியிருந்தாள். ஓட்டுநர் இருக்கைக்கு மாறினாள். ஒரு தடவை வண்டி அணைந்தது. மறுபடி முடுக்கினாள். சரிவில் இறங்கி, முதல் வளைவில் “வலப்பக்கம், வலப்பக்கம்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரும்பினாள். மூன்றாவது வளைவில் சொல்வதை நிறுத்திவிட்டாள். துறைமுகத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். தேவையில்லாமல் இன்னொரு சுற்றும்.

முக்கால் மணி நேரம் கழித்து, கார் இல்லாத பயணிகளுக்கான பேருந்தில் வந்து இறங்கினார் டெஸ்மண்ட். ரோலண்ட் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். அவருடைய காரையும் கேரவனையும் ஓர் இழுவை வண்டி கட்டி வெளியே கொண்டுவந்திருந்தது.

“பழைய கப்பல்ல இப்படி நடந்திருக்காது” என்றார் டெஸ்மண்ட், காரில் காத்திருந்த க்வெண்டாவிடம்.

“ஆமா. அதுல நான் ஓட்டியிருக்க மாட்டேன். ஏறு.”

அவர் மறுபக்கம் போய் உட்கார்ந்தார். ரூவான் நகரம் வரை இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். அதற்கப்புறம் தூங்கிப்போனார். பிரான்ஸ் சாலையில் அவர் தூங்கியது அதுவே முதல் தடவை. முகம் பத்து வயது குறைந்து தெரிந்தது. க்வெண்டா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள்.

நல்ல வேளை, நாம் அப்படியில்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கேயாவது, “இந்த ஆள் முன்னெல்லாம் இன்னும் நன்றாக எழுதுவான்” என்று ஒரு கணம் தோன்றியதா? தோன்றியிருந்தால், தயவுசெய்து பச்சைப் படி வழியாக இறங்குங்கள்.