ஜொகூரிலிருந்து வந்த விசில்

கைப்பேசியில் ஏதாவது ஒன்று ஒருமுறை ஒழுங்காக வேலை செய்துவிட்டால் போதும், அதைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று நினைத்துக்கொள்வேன். தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரையும் ஒரே வீடியோ காலில் கூட்டிய தெம்பில்தான் இந்தக் காரியத்திலும் இறங்கினேன்.

நாங்கள் பிறந்து வளர்ந்த புக்கிட் செராய் ரப்பர் தோட்டத்தை மூடி வெகு காலமாகிவிட்டது. ஆட்கள் ஈப்போ, காம்பார், ஜொகூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். காற்பந்துக் குழு மட்டும் அதே பெயரில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் குழு முதல்முறையாக ஓர் இறுதியாட்டத்துக்கு வந்தது. ஆட்டம் ஆயர் தாவார் திடலில். முன்வரிசையில் கோல் போட நிற்பவன் என் தம்பி முகிலன்.

"அவனுங்களுக்கு பஸ் வச்சு ஆளுங்க வராங்களாம்க்கா. நமக்குக் கை தட்ட யாரு இருக்கா?" என்றான்.

"நம்ம ஆளுங்கள நான் கொண்டாரேன்லா, நீ கோல போடு" என்றேன். (வாய்தான். வேறென்ன?)

திட்டம் எளிது. என் கைப்பேசி ஆட்டத்தைக் காட்டும். அங்கங்கே இருக்கும் நம் ஆட்கள் போடும் சத்தம், திடலின் ஓரத்தில் நான் வைத்திருக்கும் ஸ்பீக்கரில் கேட்கும். நடுவரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். மலாய்க்காரர், நல்ல மனிதர். "சத்தம் மட்டும்தானே?" என்று கேட்டார். சத்தம் மட்டும்தான் என்றேன்.

ஆட்டம் தொடங்கியதும் சிக்கல் தெரிந்தது. முகிலன் அடித்த பந்தை எதிரணி கோல்கீப்பர் பிடித்து, உதைத்து, பந்து நம் பக்கம் வந்து சேர்ந்த பிறகுதான் ஸ்பீக்கரில் "ஆஆஆ!" என்று வந்தது. அதாவது நம் கோலை நோக்கி எதிராளி ஓடிவரும்போது, நம் ஆட்களே அவனுக்கு ஆரவாரம் செய்தார்கள்.

"அக்கா, இவங்க எந்த டீமு?" என்று ஓடிக்கொண்டே கத்தினான் முகிலன்.

"லைன் கொஞ்சம் லேட்டுடா!"

நிறுத்தியிருக்கலாம். ஆனால் திரையில் அத்தனை முகங்கள். ஜொகூரில் மகள் வீட்டிலிருக்கும் பெரியப்பா, குழுவின் பழைய ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி நிறுத்துவது? ஒரு கண்ணால் ஆட்டம், ஒரு கண்ணால் பேட்டரி என்று வேர்த்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டம் முடியப் போகிறது, யாரும் கோல் போடவில்லை. எதிராளி ஒருவன் முகிலனின் ஜெர்சியைப் பிடித்து இழுத்தான். நடுவர் கவனிக்கவில்லை. முகிலன் உதறிக்கொண்டு பந்தைப் பறித்தான். ஓடினான். கோல்கீப்பரையும் தாண்டிவிட்டான். எதிரே காலியான கோல்.

கணீரென்று விசில்.

முகிலன் நின்றுவிட்டான். (வீட்டில் ஒருவர் பேச்சையும் கேட்காதவன், அன்றைக்கு விசிலுக்குக் கட்டுப்பட்டான்.) எல்லாரும் நின்றார்கள். நடுவர் தன் கையிலிருந்த விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார். நேராக என்னிடம் வந்தார்.

"யார் ஊதியது?"

"என் பெரியப்பா."

அவர் கூட்டத்தைக் கண்களால் துழாவினார். "எங்கே அவர்?"

"ஜொகூரில்."

ஜெர்சியை இழுத்தது பெரியப்பாவின் திரைக்குத் தாமதமாகப் போயிருக்கிறது. ஆரவாரம் செய்ய வைத்திருந்த விசிலை அவர் கோபத்தில் ஊத, அந்தச் சத்தம் இன்னும் தாமதமாகத் திரும்பி வந்திருக்கிறது, அந்த ஒரே ஒரு விநாடிக்கு. நடுவர் ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லி, பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கினார். கடைசி நிமிடத்தில் எதிராளிகள் ஒன்று போட்டார்கள். அவ்வளவுதான்.

முகிலன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். திட்டுவான் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குள் கைப்பேசி அடித்தது.

"பாத்தியாம்மா அநியாயத்த?" பெரியப்பா கத்தினார். "இழுத்தப்ப ஊதாம இருந்துட்டு, புள்ள கோல் போடறப்ப ஊதறான் அந்த மடப்பய ரெஃப்ரி! என் காதால கேட்டேன்லா!"

ஸ்பீக்கரில் ஒலித்த தன் விசிலே என் கைப்பேசி வழியாகத் திரும்பி வந்ததைத்தான் அவர் கேட்டிருக்கிறார். நான் முகிலனைப் பார்த்தேன். அவன் கைப்பேசியை வாங்கி, "ஆமா பெரியப்பா, ரெஃப்ரி மோசம்" என்றான். வைத்த பிறகு சிரித்துக்கொண்டே இருந்தான், நான் அழுது முடிக்கும்வரை.

இன்றும் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் பெரியப்பா அந்த ரெஃப்ரியைத் திட்டுவார். உடனே மொத்தக் குடும்பமும் என்னைத் திரும்பிப் பார்க்கும். அப்படியே பெயரும் ஒட்டிக்கொண்டது. முகிலனின் மகளுக்கு என் சொந்தப் பெயரே தெரியாது.

போன வாரம் அவளை அழைத்துவரப் பாலர் பள்ளிக்குப் போனேன். "டீச்சர், இதுதான் எங்க ரெஃப்ரி அத்தை" என்றாள். ஆசிரியையின் முகம் மலர்ந்தது. விளையாட்டுப் போட்டிக்கு நடுவர் கிடைக்காமல் தவிக்கிறார்களாம், நான் வந்தால் பெரிய உதவியாம்.

விசில் அவர்களே தருகிறார்களாம்.